அக்காவின் மீனும் என் கட்டியும்

மார்ச் 6

கூட்டத்தில் இன்று என் மூக்கை உடைத்தாள். வேறு யார், கூடப் பிறந்தவள்தான். ஆய்வகத்தின் கீழ்த்தளத்தில் அவள் மீன் கரு வளர்க்கிறாள். மேலே நான் புற்றுக்கட்டிச் செல்களோடு மல்லுக்கட்டுகிறேன். இருவரும் ஆராய்வது ஒரே புரதத்தை. மரபணுக்களை முடுக்கிவிடுகிற புரதம் அது. வேலை முடிந்ததும் செல் அதன்மேல் ஓர் அடையாளத்தை ஒட்டி நொறுக்கிவிட வேண்டும். கட்டியில் அது சரியாக நொறுங்குவதில்லை, மரபணுக்களும் ஓய்வதில்லை, செல் பெருகிக்கொண்டே போகிறது. அடையாளம் ஒட்டும் நொதியைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்லி நான் வாய் மூடவில்லை, எழுந்துவிட்டாள்.

"அந்த நொதியை மீன் கருவுல இல்லாம பண்ணிப் பார்த்துட்டேன். அப்பவும் புரதம் நேரத்துக்கு நொறுங்குது, முதுகெலும்பு அழகா கண்ணி கண்ணியா பிரியுது. இவங்க சொல்றது தப்பு."

இவங்க! என்னை!

மார்ச் 7

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட மீன் முட்டையை விட்டு வராதவள். நல்லா இருக்கட்டும்.

மார்ச் 19

அவள் முகத்தில் கரி பூசவே சோதனை வைத்தேன். நல்ல செல்லில் என் நொதியை நீக்கினேன். புரதம் பாட்டுக்கு நொறுங்கியது. சே. கட்டிச் செல்லில் நீக்கினேன் – கொஞ்சநஞ்சம் நொறுங்கிக்கொண்டிருந்ததும் நின்றுவிட்டது. அவளும் சரி, நானும் சரியா? அதெப்படி?

மார்ச் 28

ஒட்டுகிற நொதி ஒன்றல்ல, இரண்டு! என்னுடையது இல்லாவிட்டால் மற்றது முழுதாகப் பார்த்துக்கொள்கிறது. கட்டி அந்த இரண்டாவதைத் தொலைத்துவிட்டது; அதன் மரபணுவே அங்கு இல்லை, என்னுடையது தனியாகத் திணறுகிறது. உறுதிப்படுத்த, இரண்டையும் நீக்கிய மீன் கரு வேண்டும். செத்தாலும் அவளிடம் கேட்கமாட்டேன்.

ஏப்ரல் 2

கேட்டேன்.

"எதுக்கு? என்னைப் பொய்யாக்கவா?"

"நீ சொன்னது சரின்னு காட்ட. பாதி சரி."

"பாதியாமே. கொழுப்புடி உனக்கு. அம்மாகிட்ட போய் நான் கல்நெஞ்சக்காரின்னு சொன்னியே, அப்ப என் மீன் வேணும்னு தோணலையா?"

சொன்னேன்தான். இப்போதும் சொல்வேன். திரும்பி நடந்தேன். முதுகுக்குப் பின்னால் சத்தம் போட்டாள்: "நானே செஞ்சுக்கறேன். நீ தொட்டிப் பக்கம் வராதே!"

ஏப்ரல் 23

ஆள் விட்டுக் கூப்பிட்டாள். இரண்டு நொதியும் இல்லாத கருக்கள். புரதம் அப்படியே தேங்கி நின்றது. முதுகெலும்பு பிரியவே இல்லை, கட்டை மாதிரி ஒட்டிக் கிடந்தது. உள்ளுக்குள் துள்ளினேன், முகத்தில் காட்டவில்லை.

"பார்த்தாச்சுல்ல? கிளம்பு," என்றாள்.

மே 9

காலையில் போனால் என் நாற்காலியில் உட்கார்ந்து, என் நுண்ணோக்கியில் என் கட்டிச் செல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கேட்கவும் இல்லை, கொள்ளவும் இல்லை.

"எழுந்திரு. என் இடம்."

"இருடி. இன்னும் பார்த்து முடிக்கல."

பக்கத்து மேசையிலிருந்து இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.