எழுதிக்கொண்டிருக்கிறார்

பாளையங்கோட்டை
ஜூன் 20, வெள்ளி

அன்புள்ள சங்கரிக்கு,

இல்லாத ஒருவர் எழுதிக்கொண்டிருக்க முடியுமா? எனக்கு விடை தெரியவில்லை. மின்னஞ்சலில் கேட்கக் கூச்சமாக இருந்தது. அதனால்தான் தாள்.

மெல்பனில் குளிர் ஆரம்பித்திருக்கும். பேரன் தவழ்கிறானா? இங்கே மலையில் மழை பிடித்துவிட்டது, ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறது.

நம் சொற்பிழைத் திருத்தியின் விவாதமெல்லாம் பதினெட்டு வருஷமாக மின்னஞ்சல் மடற்குழுவில்தானே நடந்தது. இப்போது புது இணையத் தளத்துக்கு மாறுகிறோம். சென்னையிலிருந்து மகேஷ் பழைய மடல்களை அதில் ஏற்றினான். எழுதிய ஒவ்வொருவருக்கும் தளமே ஒரு கணக்கைத் திறந்துகொண்டது. பிப்ரவரியில் காலமான உன் வீட்டுக்காரர் அம்பலவாணன் அண்ணாச்சிக்கும்.

மடற்குழுவில் ஒருவர் பேசாமல் இருந்தால், பேசாமல் இருக்கிறார், அவ்வளவுதான். இந்தத் தளம் அப்படி விடாது. யார் தட்டச்சு செய்தாலும் காட்டிக்கொடுக்கும். திங்கள் பிற்பகல் மூன்று மணிக்கு 'அம்பலவாணன் எழுதிக்கொண்டிருக்கிறார்' என்று அடியில் வந்தது. கால் மணி நேரம் நின்றது. பதிவு எதுவும் வரவில்லை. மறுநாளும், நேற்று வரைக்கும், அதே மணி.

அந்தக் கணக்கில் யாரும் நுழையவே இல்லை, தளத்தின் கோளாறு என்றான் மகேஷ். நானும் அப்படித்தான் நினைத்தேன். வண்ணார்பேட்டை ஜாபேஸ் சிரித்தான். அண்ணாச்சி என்னைக்கு அக்கா சட்டுனு பதில் போட்டிருக்காவ, பையத்தான் வருவாவ என்றான். மெதுவாக என்று அர்த்தமாகும் அந்த 'பைய'வைச் சொல் பட்டியலில் சேர்க்கச் சொல்லி அவர் மூன்று வருஷம் வாதாடினார். வட்டார வழக்கு என்று நாங்கள் சேர்க்கவில்லை. திருத்தி இன்னும் அதற்குச் சிவப்புக் கோடு போடுகிறது.

நேற்று ஜாபேஸும் சிரிக்கவில்லை. அந்தப் பெயர் இருக்கும்வரை எழுத மாட்டோம் என்று மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். அவர் பெயரை மட்டும் எடுத்துவிடாதே என்று விமான நிலையத்தில் நீ என் கையைப் பிடித்துச் சொன்னாய். நாளைக் காலை பத்து மணிக்கு அவர் கணக்கை நீக்கிவிட்டு, மடற்குழுவையும் மூடப்போகிறேன். அதிகாரம் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. மன்னித்துக்கொள்.

சனி

தபாலில் சேர்ப்பதற்கு முன் இதையும் எழுதிவிடுகிறேன். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மடற்குழுவில் ஒரு மடல் வந்தது. அவர் முகவரி. 'மூடுவதில் யாருக்காவது மறுப்பு உண்டா?' என்று போன வாரம் நான் கேட்ட வரியை, அவர் வழக்கமாகச் செய்வதுபோலவே மேலே எடுத்துப் போட்டிருந்தது. அதன் கீழே ஒரே ஒரு சொல்: பைய.

கணக்கை நீக்கவில்லை. குழுவையும் மூடவில்லை. யாரிடமும் காரணம் சொல்லவில்லை.

சங்கரி, அவருடைய கடவுச்சொல் உன்னிடம்தான் இருக்கிறது, நீதான் அனுப்பினாய் என்று ஒரு வரி எழுதிவிடு. இல்லாவிட்டாலும் அப்படியே எழுதிவிடு.

அன்புடன்,
டெபோரா