சிக்னல் வராத விரல்

பழவேற்காடு
4.8.2025

அன்புள்ள தம்பி குணாவுக்கு,

அக்கா ஈஸ்வரி எழுதுவது. போனில் பேசினால் நீ கத்துகிறாய், நானும் கத்துகிறேன், காரியம் ஒன்றும் நடப்பதில்லை. அதனால் உங்கள் கம்பெனி பஸ் ஓட்டும் துளசிராமன் அண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நைனாவுக்கு ஒரு வாரமாக மூச்சு இரைக்கிறது. வலையைத் தூக்கித் தோளில் போடுவதற்குள் படகைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார். ஆஸ்பத்திரிக்கு வா என்றால், தீபாவளிக்கு நீ கொண்டுவந்து கொடுத்தாயே, ஆக்சிஜன் பார்க்கிற அந்த விரல் மெஷினை மாட்டிக்கொள்கிறார். அதுவும் தொண்ணூற்றைந்து காட்டித் தொலைக்கிறது. "பாத்தியாடி? எம்புள்ள செஞ்ச மெஷினு. அது சரின்னா சரிதான்" என்கிறார். தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு வேறு காட்டுகிறார். பேஜாராக இருக்கிறது.

மெஷினை நம்பாதே என்று நீ ஒரு வரி எழுது. நீ சொன்னால்தான் கேட்பார்.

கருவாடு வைத்திருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா
ஈஸ்வரி

கும்மிடிப்பூண்டி
5.8.2025

அக்காவுக்கு,

கடிதமும் கருவாடும் கிடைத்தன.

நம்பாதே என்று எழுத எனக்கென்ன பைத்தியமா? விரல் வழியாக வெளிச்சம் போகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் ரத்தத்தின் நிறம் மாறும். அதை வைத்து மெஷின் கணக்குப் போடுகிறது. பன்னிரண்டு பேர் விரலில் மாட்டி, அதே நேரம் அவர்கள் ரத்தத்தையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தோம். சரி என்று கையெழுத்துப் போட்டதே நான்தான். பத்தாவது படித்துவிட்டு எனக்குப் பாடம் எடுக்காதே.

நைனா முதலில் பீடியை விடட்டும். சின்ன வயதிலிருந்தே எதற்கெடுத்தாலும் ஊரைக் கூட்டுவது உன் பழக்கம்.

கோபித்துக்கொள்ளாதே.

குணா

பொன்னேரி ஆஸ்பத்திரி
7.8.2025

குணாவுக்கு,

நேற்று நைனா மீன் ஏலம் போடுகிற இடத்தில் மயங்கி விழுந்தார். உனக்குப் பத்துத் தடவை போன் அடித்தேன். அது கம்பெனி லாக்கரில் தூங்கியிருக்கும்.

இங்கே மணிக்கட்டில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஆக்சிஜன் எண்பத்தேழுதான். அப்போதும் உன் மெஷின் அவர் விரலில் தொண்ணூற்றைந்து காட்டிக்கொண்டிருந்தது. இப்போது ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள், பயமில்லை. ஏன் இவ்வளவு லேட் என்று டாக்டர் மோனிகா திட்டினார். அதற்கு நைனா மூச்சு வாங்கிக்கொண்டே சொல்கிறார்: "மெஷினு மேல தப்பு இல்லம்மா. என் வெரலுதான் சரியில்ல."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதை ஏரியில் வீசியிருப்பேன்.

கறுத்த விரலில் சில மெஷின்கள் கூடுதலாகக் காட்டும் என்று டாக்டர் சொன்னார். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பன்னிரண்டு பேரில் நம்மை மாதிரி ஒரு விரலாவது இருந்ததா?

ஈஸ்வரி

கும்மிடிப்பூண்டி
8.8.2025

அன்புள்ள அக்கா,

உன் போன்களைப் பார்த்தேன், வழக்கமான சண்டைதான் என்று நினைத்துத் திருப்பி அடிக்கவில்லை. நாளைக் காலை வந்துவிடுவேன். இதை முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை. அதற்குள் நைனாவுக்குப் படித்துக் காட்டிவிடு.

பன்னிரண்டு பேரும் ஏசி ரூம் ஆட்கள், சிவப்பும் மாநிறமும். பதின்மூன்றாவதாக நான் விரலை நீட்டினேன். "உன்னுது வேணாம்பா. கறுப்பு, சிக்னல் சரியா வராது, ரிப்போர்ட் கெட்டுடும்" என்றார் மேனேஜர். நான் விரலை எடுத்துக்கொண்டேன். பிறகு கையெழுத்தும் போட்டேன்.

அந்தக் கையெழுத்து செல்லாது என்று இன்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மெஷின்களை வெளியே அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். என் வேலை இருக்குமா என்று தெரியவில்லை.

நைனாவின் விரலில் ஒரு குறையும் இல்லை. என்னை மன்னிக்கச் சொல். நீயும் மன்னித்துவிடு அக்கா.

உன் தம்பி
குணா

பொன்னேரி
8.8.2025, மாலை

அன்புள்ள தம்பி,

நைட் ஷிப்ட் பஸ்ஸை எடுக்கத் துளசிராமன் அண்ணன் அவசரப்படுகிறார். சுருக்கமாக எழுதுகிறேன்.

படித்துக் காட்டினேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். வேலை போனால் போகட்டும், படகு இருக்கிறது என்றார். மெஷினைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மூக்கிலிருந்த குழாயை நகர்த்திவிட்டு என்னைக் கேட்டார்:

"அவன் வெரலுக்கு இன்னாடி கொறை? நான் புடிச்சி நடக்க வெச்ச வெரலு. எவனோ வேணாமுன்னா, இவன் ஏன் எடுத்துக்கினான்?"

அதற்குப் பதில் நீயே வந்து சொல்.

உன் அக்கா
ஈஸ்வரி