காதுகுத்துப் பேனர்

விமானப்படை முகாம்
(ஊர்ப் பெயர் எழுத அனுமதியில்லை)
17 ஜனவரி

அன்பு மணிமொழிக்கு,

நலமாக இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன். இதை முதலில் அம்மாவிடம் சொல்லிவிடு. சண்டை தொடங்கிய அன்றே எல்லோருடைய போனையும் வாங்கிப் பூட்டிவிட்டார்கள். அதனால் கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உனக்குக் கடிதம் எழுதும் யோகம் எனக்கு. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

லீவு ரத்தாகிவிட்டது. அபிநயா காதுகுத்துக்கு வர முடியாது. தேதியை மாற்ற வேண்டாம். உன் அண்ணன் வெற்றிவேல் மடி இருக்கும்போது பாப்பாவுக்கு என்ன குறை?

பயப்படாதே, நான் விமானத்தைத் தொடுவதுகூட இல்லை. புகைப்படப் பிரிவில் உட்கார்ந்து படம் வெட்டுகிறேன். டெல்லியிலிருந்து விளம்பர அதிகாரி ஒருவர் வந்திருக்கிறார். எதிரி பொய்ப் படமாகப் பரப்புகிறான், நாம் நிஜப் படம் ஒன்றாவது காட்டாவிட்டால் சனங்கள் எதை நம்புவார்கள் என்பது அவர் கட்சி. எங்கள் பாதுகாப்பு அதிகாரியோ ஒரு தகரக் கொட்டகையைக்கூடக் காட்ட விடமாட்டார். இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. நடுவில் நான், மரம், கட்டடம், வாலில் இருக்கும் எண் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு விமானத்தின் மூக்கையும் வானத்தையும் மட்டும் கொடுக்கிறேன். பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி தெரிந்தால் போதும், விவரம் தெரிந்தவன் இது எந்த இடம் என்று உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிடுவான். குண்டு நேராக அங்கே வந்து விழும்.

பாப்பாவுக்கு என் முத்தங்கள்.

உன்,
இளவரசன்

*

வடக்கனந்தல்
30 ஜனவரி

அன்புள்ள மாமாவுக்கு,

மணிமொழி எழுதுவது. பாப்பாவுக்குக் காது குத்தியாயிற்று. வலது காதுக்கு அழுதாள், இடது காதுக்கு ஆசாரியின் கையைக் கடித்தாள். மீதியை உட்கார்ந்து படியுங்கள்.

உங்கள் கடிதம் விழாவன்று காலையில்தான் வந்தது. எல்லோரும் வேன் ஏறும் நேரம். மலையடிவாரக் கோயில் போய்ச் சேர்வதற்குள் சத்தமாகப் படிக்கச் சொல்லி அத்தை தொந்தரவு. நலம் விசாரித்ததை மட்டும் அவருக்குப் படித்துக் காட்டிவிட்டு, மீதியை மனசுக்குள் படித்தேன். இறங்கி நிமிர்ந்து பார்த்தால் கோயில் வாசலில் அண்ணன் வைத்த பதினைந்தடி பேனர். நடுவில் பாப்பா. ஒரு பக்கம் கூலிங்கிளாஸோடு தாய்மாமன் வெற்றிவேல். மறுபக்கம் சீருடையில் நீங்கள்.

போனை வாங்குவதற்கு முன்னால், அங்கே போய்ச் சேர்ந்த அன்று எனக்கு ஒரு படம் அனுப்பினீர்களே, அதேதான். அப்பா வராவிட்டாலும் படமாவது இருக்கட்டும் என்று அண்ணனிடம் கொடுத்தவள் நான்தான். உங்கள் தலைக்கு மேல் தண்ணீர்த் தொட்டி. எப்படிப்பட்ட தொட்டி என்று எழுத மாட்டேன். தோளுக்குப் பின்னால் விமானங்களின் வால்கள், வரிசையாக. எண்ணிப் பார்த்தேன், எண்ண முடிந்தது. ஊரார் படத்தையெல்லாம் வெட்டுகிறவர் சொந்தப் படத்தை அப்படியே அனுப்பினால் உங்களை என்ன செய்வது?

இறக்கச் சொன்னேன். அண்ணன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். சமையல்காரரிடம் கத்தி வாங்கி நானே கயிற்றை அறுத்தேன். அத்தை தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாடி பண்ற? சண்டையில கீற புள்ள படத்தப் போயி கீழ தள்றியே!" என்று அழுதார். அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "தாய்மாமன் பேரு உன் கண்ண உறுத்துதா?" என்றான். வண்டியை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டான்.

ஆசாரி ஊசியோடு காத்திருக்கிறார், பாப்பாவை வைத்துக்கொள்ள மடி இல்லை. முக்கால் மணி நேரம் கழித்துக் கொளஞ்சியப்பன் சித்தப்பா போய் அவனை அழைத்து வந்தார். பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டான். என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கை நனைக்காமல் கிளம்பிவிட்டான்.

காரணத்தைச் சொல்ல முடியவில்லை மாமா. சொன்னால் அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று ஊரே தேடும். பேனரை அன்றைக்கே எரித்தேன். பேனர் அடித்த கள்ளக்குறிச்சிக் கடைக்காரர் அதை மாதிரிக்கு ஸ்டேட்டஸில் வேறு வைத்திருந்தார். பஸ் பிடித்துப் போய், போனிலும் கம்ப்யூட்டரிலும் அழிக்க வைத்தேன். "இன்னாங்க, டிசைன் புடிக்கலியா?" என்றார். பிடிக்கவில்லை என்றேன். அதற்குள் அறுபத்திரண்டு பேர் பார்த்திருந்தார்கள்.

தாமதமாகிவிட்டதா? அதை மட்டும் உடனே எழுதுங்கள். சாமி கும்பிடக்கூட எனக்கு மனசு ஒட்டவில்லை.

உங்கள்,
மணிமொழி

*

முகாம்
9 பிப்ரவரி

அன்பு மணிமொழிக்கு,

கடிதம் கிடைத்தது. கிழித்துப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. உன்னிடம் மறைப்பதற்கில்லை. ஆனால் என் பக்கத்துக் கட்டிலில் படுப்பவனுக்கும் உன்னைப் போல ஒருத்தி இருக்கிறாள். பாதுகாப்பு அதிகாரியிடம் நேராகப் போய்க் கடிதத்தைக் கொடுத்தேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அன்றைக்கே எல்லோரும் இடம் மாறிவிட்டோம். அதற்கு மேல் எழுதக்கூடாது. நான் இனிப் புகைப்படப் பிரிவில் இல்லை. ஸ்டோரில் பூட்ஸ் எண்ணிக் கொடுக்கிறேன். இந்த வருஷம் பதவி உயர்வும் கிடையாது. எல்லாம் எனக்கு வேண்டியதுதான்.

விசாரணையில், "பேனரை இறக்கியது யார்?" என்று கேட்டார். மனைவி என்றேன். "பெயர் இல்லையா அவருக்கு?" என்றார். சொன்னேன், எழுதிக்கொண்டார்.

உனக்கு நன்றி என்று எழுதினால் கோபித்துக்கொள்வாய். இருந்தாலும் எழுதுகிறேன். நன்றி, மணி. இங்கே நாங்கள் நூற்றுச்சொச்சம் பேர்.

உன்,
இளவரசன்

*

வடக்கனந்தல்
20 பிப்ரவரி

அன்புள்ள மாமாவுக்கு,

கவரில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும்தான் உயிர் வந்தது. பூட்ஸ் எண்ணினால் என்ன, சட்டி கழுவினால் என்ன, நீங்கள் இருக்கிறீர்கள். கோயிலுக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். சங்கராபுரம் தாலுக்கா ஆபீசில் ஊரார் பேரையெல்லாம் கோப்பில் எழுதுகிறவள் நான். என் பேர் ஒரு கோப்பில் ஏறுவது இதுதான் முதல் தடவை.

ஒரு வருத்தம் மட்டும் இருக்கிறது. அண்ணன் பேசுவதில்லை. பொங்கல் சீர் கொண்டுவந்து கொடுத்த அதே கையால் நேற்று தெருவில் என்னைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். போன வாரம் ஒரே ஒரு முறை வாசல் வரைக்கும் வந்தான். "ஏன் இறக்குன, அத மட்டும் சொல்லு. நான் உள்ள வரேன்" என்றான். நான் தலை குனிந்துகொண்டேன். போய்விட்டான். அப்பா போன பிறகு எனக்கு எல்லாமே அவன்தான், உங்களுக்குத் தெரியாதா? அவனிடம் மட்டும் சொல்லட்டுமா மாமா? நீங்கள் வேண்டாம் என்றால் சொல்ல மாட்டேன்.

உங்கள்,
மணிமொழி

*

முகாம்
6 மார்ச்

அன்பு மணிமொழிக்கு,

சண்டை நின்றுவிட்டது, ரேடியோவில் கேட்டிருப்பாய். தாமதமாகிவிட்டதா என்று அன்றைக்குக் கேட்டாய். இல்லை. நாங்கள் காலி செய்த நான்காம் நாள் அந்த இடத்தில் குண்டு விழுந்தது. அங்கே ஆளும் இல்லை, விமானமும் இல்லை. உன் பேனரால்தான் விழுந்ததா என்று யாருக்கும் தெரியாது. உன் கடிதத்தால்தான் நாங்கள் அங்கே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

ஆனாலும் மச்சானிடம் சொல்லாதே. அந்தத் தொட்டிக்குக் கீழே நாளைக்கு வேறு ஆட்கள் வந்து நிற்பார்கள்.

அவருக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். அன்றைக்குக் காலையில் என் கடிதம் வந்ததை வேனில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள் அல்லவா? தாய்மாமன் பேனர் வைத்தால் இறக்கிவிடு என்று அந்தக் கடிதத்தில் நான்தான் உனக்குச் சொன்னதாக அவருக்கு எழுதிவிட்டேன். அப்பன் நான் இல்லாத இடத்தில் தாய்மாமன் படத்தை அவ்வளவு பெரிதாக வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை, என் பேச்சைத் தட்ட முடியாமல் நீ செய்தாய் என்று. அவர் வந்து கேட்டால் மறுக்காதே. என் பக்கம் ஒரு வார்த்தை பேசாதே.

உன்,
இளவரசன்

*

வடக்கனந்தல்
15 மார்ச்

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்று மத்தியானம் அண்ணன் வந்தான். கையில் உங்கள் கடிதம். "உன் வூட்டுக்காரனுக்கு இன்னா அவ்ளோ பொறாம? தாய்மாமன் மொகத்தப் பாத்தா வவுறு எரியுதா? பட்டாளத்துல இத்தத்தான் கத்துக் குடுக்குறாங்களா? வரட்டும், பேசிக்கிறேன்" என்று கூடத்தில் நின்று அரை மணி நேரம் உங்களைத் திட்டினான். அத்தையும் சேர்ந்துகொண்டு திட்டினார். நீங்கள் சொன்னபடி நான் வாயைத் திறக்கவில்லை. முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றேன். நான் அழுவதைப் பார்த்துவிட்டு, "சரி வுடு, நீ இன்னா பண்ணுவ" என்றான்.

அப்புறம் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தான். பாப்பா அவன் மடியில் ஏறிக்கொண்டாள். இலை போட்டேன். மாமா, மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

உங்கள்,
மணிமொழி