உப்பு போட்டுக் கழுவாத ரெசின்

மே 12, செவ்வாய்
காலையிலேயே வெயில் கொளுத்துது. ஒதியம்பட்டுல நான் பாத்துக்கற தண்ணி ஷெட்டுக்கு லேபிலேருந்து தாள் வந்தது. போர் தண்ணியில யுரேனியம், அது பழைய சேதி. மண்ணுக்கடியில தானா இருக்குதாம். அதுக்குத்தான் இந்த மெஷினே. ஆனா சுத்தம் பண்ணி வெளியே வர்ற தண்ணியிலும் கிட்டத்தட்ட அதே அளவு.

மூணு தடவ படிச்சேன்.

காரணம் எனக்குத் தெரியும். டேங்குல மணி மணியா இருக்கிற ரெசின்தான் யுரேனியத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். பதினஞ்சு நாளைக்கு ஒருதரம் உப்புத் தண்ணி விட்டுக் கழுவணும். கழுவலன்னா பிடிக்காது. கழுவ அரை நாள் ஷெட்டை மூடணும். போன மாசம் தேர் திருவிழா, வூட்டுக்கு வூடு விருந்தாளி. "இன்னா நீ, இன்னைக்கா மூடுவ?"ன்னு சண்டை. விட்டுட்டேன். நோட்டுல மட்டும் "கழுவியாச்சு". அடுத்த முறையும் அப்படியே.

ருசி மாறல. நிறம் மாறல. யார் கேப்பாங்க.

மே 13, புதன்
உப்பு மூட்டை. கையுறை. கழிவுத் தண்ணி பிடிக்க டிரம், மூடியோட. ரோசலிகிட்ட சொல்லணும்.

ஷெட்டுக்கு மேல பொறுப்பா இருக்கிற இன்ஜினியர் வந்தார். தாளைப் பாத்தார். "வால்வு கோளாறுன்னு எழுதிடலாம்மா. பெரிசு பண்ணாதீங்க."

"சரி சார்" வாய் வரைக்கும் வந்துடுச்சு. நோட்டை நீட்டினேன். "வால்வு நல்லாதான் இருக்கு சார். நான் கழுவல. பொய் எழுதிட்டேன்."

நோட்டை வாங்கிப் புரட்டிப் பாத்துட்டுக் கிளம்பினார்.

குழாய்க்கு மேல அட்டை கட்டினேன்: குடிக்க வேண்டாம். சாயங்காலம் வரைக்கும் கழுவினேன். கழிவு முழுக்க டிரம்முல. கால்வாயில ஒரு சொட்டு விடல. இதையாவது சரியா.

ரோசலி வூட்டுக்குப் போகல. எங்கூட பள்ளிக்கூடம் படிச்சவ. அவ வூட்டுக்காரர் சூசை அண்ணனுக்குக் கிட்னி பாதி போச்சு. நல்ல தண்ணியா குடின்னு டாக்டர் சொன்னப்ப, "கேன் எதுக்குடி, நான் இருக்கேன்"னு நாந்தான் சொன்னேன். தினம் ரெண்டு குடம்.

மே 14, வியாழன்
போனேன். மீன் ஆஞ்சிட்டிருந்தா. நின்னுக்கிட்டே சொன்னேன்.

"எத்தினி நாளா?"

"ஒரு மாசம் இருக்கும்."

"போன வாரம் கேட்டனே செல்வி. தண்ணி நல்லாகீதான்னு. இன்னா சொன்ன?"

"நல்லாருக்குன்னேன்."

கட்டில்லேருந்து சூசை அண்ணன்: "வுடு ரோசலி. வந்து சொல்லிச்சில்ல."

"நீ சும்மா இருய்யா. குடிச்சது நீ."

திட்டுவான்னு நின்னேன். மீன் சட்டியை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா.

மே 19, செவ்வாய்
புழுக்கம். லேப் தாள்: தண்ணி எல்லைக்குள்ள. அட்டையைக் கழட்டினேன். பாதிப் பேர் வந்தாங்க. "இதையும் நீதானே எழுதின?"ன்னு ஒரு அம்மா. லேப் முத்திரையைக் காமிச்சேன். குடத்தை வெச்சாங்க.

ரோசலி வூட்டு வாசல்ல கேன் வண்டி.

மே 21, வியாழன்
மேகம், மழை இல்ல. மதியம் ஆஸ்பத்திரியிலேருந்து வந்து பஸ் இறங்கினாங்க ரெண்டு பேரும். ரோசலியே நின்னா. முகத்தைப் பாக்காம சொன்னா: "ரத்தத்துல உப்பு, அந்த கிரியாட்டினின், ஏறிகீது. தண்ணியாலயான்னு கேட்டேன். சொல்ல முடியாதாம். அந்த வியாதியே ஏறுற வியாதிதானாம்."

ஆமான்னிருந்தா காலைப் பிடிச்சிருப்பேன். இல்லன்னிருந்தா இன்னைக்காவது தூங்கியிருப்பேன்.

அவ முன்னாடி நடந்துட்டா. சூசை அண்ணன் மூச்சு வாங்க நின்னார்.

"அடுத்து எப்பம்மா கழுவுவ?"

சொன்னேன்.

"நான் வந்து ஒக்காந்து பாக்கறேன்."

நாற்காலி போடறேன்னு சொன்னேன். ஷெட்டுக்குப் போயி, நோட்டுல அந்தத் தேதிக்குப் பக்கத்துல அவர் பேரையும் எழுதினேன்.