ஆட்சேபனைக்கு முப்பது நாள்

குருநகர்,
யாழ்ப்பாணம்.
12.05.1992

அன்புள்ள ஹனீபா நானா அறிவது,

நாங்கள் இருக்கிறோம். நீங்களும் ஹப்ஸாவும் பிள்ளைகளும் கற்பிட்டி அகதி முகாமில் ஓலைக் கொட்டிலில் இருப்பதாகச் சந்தியோகு சொன்னார். கிளாலிக் கடல் தாண்டி வரும் அவரிடமே இதையும் கொடுத்துவிடுகிறேன். கூடவே பதினொரு அறிவித்தல்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

உங்கள் லெப்பை ஒழுங்கையை நேராக்கி நாற்பது அடி வீதியாக்க எங்கள் நகரமைப்புக் கந்தோரில் படம் கீறுகிறோம். பதினொரு வீடுகள் போகும். உங்களுடையது ஏழாவது.

இந்த ஊருக்கு நகரமைப்புப் புதிதல்ல. போர்த்துக்கேயர் இடித்துக் கட்டினார்கள். ஒல்லாந்தர் அடிமட்டம் வைத்துத் தெருக் கீறினார்கள். வெள்ளைக்காரர் மணிக்கூட்டுக் கோபுரம் எழுப்பி, நாங்கள் பிந்திவிட்டோம் என்று அறிவித்தார்கள். அண்மைக் காலமாக ஆகாயத்திலிருந்தும் வீதிகளை அகலிக்கிறார்கள். அதற்கு ஆட்சேபனைக் காலம் தருவதில்லை.

வளைந்த ஒழுங்கைகள் திட்டமில்லாமல் வளர்ந்தவை என்று எங்கள் புத்தகங்கள் சொல்லும். நான் நாடா பிடித்து அளந்தேன். ஜனாஸாவைச் சந்தூக்கில் வைத்து நாலு பேர் தோளில் அடக்கத்துக்குச் சுமந்து போகிற அகலம், ஒரு அங்குலம் கூடாமல் குறையாமல். இரண்டு முடக்கிலும் மதில் மூலைகளைத் தோள் உயரத்துக்கு மேலே மழுக்கியிருக்கிறார்கள், சந்தூக்கு முட்டாமல் திரும்ப. உங்கள் வாப்பாவும் தன் மதிலில் அரை அடி செதுக்கிக் கொடுத்தவர். இதற்கு மேல் என்ன திட்டம் வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பதினொரு வளவையும் ‘காலி நிலம்’ என்று கோடு போடும்படி கந்தோர்ப் பெரியவர் சோமசேகரம் சொன்னார். நான் ஒவ்வொன்றிலும் வீட்டுக்காரரின் பெயரை அழியாத மையில் எழுதினேன். “என்ன ஐசே இது? ஆளில்லாத வளவுக்கு ஆர் வந்து ஆட்சேபிக்கப் போறான்?” என்றார். வீட்டுக்காரருக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பது விதி என்றேன். “எந்த அரசாங்கத்தின்ரை விதி?” என்றார். அதை இன்னும் ஒரு அரசாங்கமும் ரத்துச் செய்யவில்லை என்றேன். பதினொரு அறிவித்தலிலும் கையெழுத்து வைத்துவிட்டு, “பேந்து என்னை உதுக்குள்ளை இழுக்கப்படாது” என்றார்.

அறிவித்தலைக் கையில் கொடுப்பதோடு வீட்டுக் கதவிலும் ஒட்ட வேண்டும். போய்ப் பார்த்தேன். ஏழு வீடுகளுக்குக் கதவில்லை. அவை எங்கே போயின என்பது ஊருக்குள் நடந்தால் தெரியும். உங்கள் பச்சைக் கதவை நான் வேறொரு வீட்டில் கண்டேன், நன்றாகப் பொருத்தியிருக்கிறார்கள். கதவில்லாத வீட்டில் எங்கே ஒட்டுவது என்று விதியில் இல்லாதபடியால் நிலையில் ஒட்டினேன். நிலையும் இல்லாத இரண்டு வீடுகளில் கிணற்றுக்கட்டில் ஒட்டினேன்.

“உங்களுக்கு விசரே? உத்தியோகத்தோடை நிண்டால் பரவாயில்லை, ஆளையும் கொண்டு போவாங்கள்” என்று மனைவி அற்புதராணி பேசினாள். பேசிக்கொண்டே, வீட்டில் கடைசியாகக் கிடந்த கோதுமை மாவில் பசை காய்ச்சித் தந்தாள்.

தொண்ணூறாம் ஆண்டு ஒக்ரோபரில், உங்கள் ஆட்கள் எல்லாரும் ஊரைவிட்டுப் போக, ஆயுதத்தோடு வந்தவர்கள் இரண்டு மணித்தியாலம் தந்தார்கள். நான் சந்தியில் நின்றேன். ஆட்சேபிக்கவில்லை. எனக்கு அறிவித்தல் எதுவும் வரவில்லையே என்று இவ்வளவு நாளும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

ஆகவே கவனமாகக் கேளுங்கள். அறிவித்தல் உங்கள் கையில் கிடைத்த நாளிலிருந்து முப்பது நாள் இருக்கிறது. ஒரு ஆட்சேபனை வந்தாலே விசாரணை வைக்க வேண்டும். விசாரணைக்கு வீட்டுக்காரரை எழுத்தில் அழைக்க வேண்டும். உங்களை யாழ்ப்பாணத்துக்கு வாருங்கள் என்று யாழ்ப்பாணத்துக் கந்தோர் ஒன்று எழுத வேண்டி வரும். அந்தக் கடிதத்தை நானே தட்டச்சில் அடிப்பேன்.

பதினொரு குடும்பமும் எழுதட்டும். முகவரி கேட்கும் இடத்தில் முகாமின் பெயரை எழுத வேண்டாம், ‘வதிவாளர் அல்ல’ என்று தள்ளிவிடுவார்கள். நீங்கள் இலக்கம் 7, லெப்பை ஒழுங்கை, யாழ்ப்பாணம் என்று தெளிவாக எழுதுங்கள்.

இறைவன் உங்கள் எல்லாரையும் காப்பாராக. கையெழுத்து வைக்க மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஒழுங்கையை இன்னும் நேராக்காத
மரியரட்ணம்