கரிந்தும் நிற்கிற மரங்கள்

அன்புள்ள டுவெய்னுக்கு,

நானும் டெஸ்ஸாவும் சுகம். நீ சுகமா என்று கேட்டால் சுகம் என்றுதான் சொல்வாய், அதனால் கேட்கவில்லை. இந்த முகாமைப் பார்த்துக்கொள்ளும் வெர்னாவின் தம்பி தண்ணீர் லாரி ஓட்டுகிறார். நாளை காலை நீ தீயணைக்கிற மலைக்குத்தான் கிளம்புகிறார். இந்தக் காட்டுக்குள் போன் எடுக்காது என்பதால் அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பிப்ரவரியிலேயே நீ அடித்துப்பிடித்துப் பதிவு செய்த இடம் நல்ல இடம்தான், ஓடைக்குப் பக்கத்தில். கூடாரத்துக்கு முன்னால் உள்ள கம்பத்தில் உன் பெயர் எழுதிய சீட்டைச் செருகியிருக்கிறார்கள். வருகிறவர் போகிறவர் எல்லாம் அதைப் படித்துவிட்டு, "டுவெய்ன் எங்கேம்மா, ஆளையே காணோம்?" என்கிறார்கள். முதலில் உண்மையைச் சொன்னேன். உடனே நெஞ்சில் கை வைத்து உனக்கு நன்றி சொல்லச் சொல்கிறார்கள். அந்த நன்றியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இப்போதெல்லாம் மீன் பிடிக்கப் போயிருக்கிறார் என்று சொல்லிவிடுகிறேன்.

கூடாரத்தை நாங்களே அடித்தோம், ஒரு பக்கம் தொங்குகிறது. வாசனை உள்ள எதையும் வெளியே வைத்தால் கரடி வரும் என்று வெர்னா மிரட்டியிருந்தார். டெஸ்ஸா பற்பசை, சோப்போடு உன் பழைய சட்டையையும் இரும்புப் பெட்டிக்குள் பூட்டிவிட்டாள். ஏன்டி என்று கேட்டால், "அப்பா வாசனைதாம்மா எல்லாத்தையும்விட ஜாஸ்தி" என்கிறாள். சிரித்துவிட்டேன். அவள் தூங்கியதும் அந்தச் சட்டையை எடுத்து என் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். கரடி வந்தால் வரட்டும்.

எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கிறேன், நடந்தால் பாதியில் திரும்புகிறேன். போனைப் பார்க்க நெடுஞ்சாலைக் கடைக்குக் காரில் போவதும் வருவதுமாக இருக்கிறேன். கடைக்காரி, "பேசாம கூடாரத்தை இங்கயே அடிச்சிடு" என்று கேலி செய்கிறாள். நேற்று அங்கேதான் நீ விட்டிருந்த செய்தியைக் கேட்டேன். ஓய்வு நாட்களுக்கு வர முடியாது, இன்னொரு வாரம் சேர்த்து இருக்கச் சொல்கிறார்கள், சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், அநேகமாகச் சரி என்பேன் என்றாய். திருப்பிக் கூப்பிட்டேன், உன் போன் எடுக்கவில்லை. உன்னோடு வேலை செய்யும் கைலுக்கு நடந்ததைப் பற்றி அந்தச் செய்தியில் ஒரு வார்த்தை இல்லை.

பெட்சி என்னிடம் எல்லாம் சொல்லிவிட்டாள். எரிந்த மரம் ஒன்று சத்தமே இல்லாமல் அவள் புருஷன் மேல் சாய்ந்ததாம். நீ கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தாயாம். கைல் இனி நடப்பானா என்பதே தெரியவில்லையாம். நீ மறைத்ததுகூடப் பரவாயில்லை. அன்று சாயங்காலம்தான் டெஸ்ஸாவுக்குப் பல் விழுந்த கதையைப் போனில் கேட்டு அப்படிச் சிரித்தாய். அதை நினைத்தால்தான் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

நேற்று இருட்டுவதற்கு முன் பூங்கா அலுவலர் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பேசினார். அடிமரம் குகையாகக் கரிந்தும் உச்சியில் பச்சையாக நிற்கிற, இந்தக் காட்டுக்கே உரிய ஒரு ராட்சதச் செம்மரத்தைக் காட்டினார். இதன் பட்டை ஒரு முழத் தடிமன், தீ இதை ஒன்றும் செய்யாது, தீ பட்ட மண்ணில்தான் இதன் விதை நன்றாக முளைக்கும் என்றார். டெஸ்ஸா எழுந்து நின்று, "அப்போ எங்க அப்பா எதுக்கு அதைப் போய் அணைக்கிறாரு? வீட்டுக்கு வரச் சொல்லுங்க" என்றாள். எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். அலுவலர் பாவம், சின்ன வயதுக்காரர். "எல்லாக் காடும் இப்படி இல்ல கண்ணு, அங்க மலைக்குக் கீழ வீடுங்க இருக்கு" என்றார். "எங்களுக்கும்தான் வீடு இருக்கு" என்றாள் உன் மகள். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

பிறகு பக்கத்துக் கூடாரத்துப் பெரியவர் ஒரு கட்டு விறகைக் கொண்டுவந்து எங்கள் மேஜையடியில் வைத்துவிட்டுப் போனார். சுற்றிலும் எல்லோரும் தீ மூட்டி மார்ஷ்மெல்லோ மிட்டாய் சுடுகிறார்கள். என்னால்தான் ஒரு தீக்குச்சியைக் கிழிக்க முடியவில்லை. டெஸ்ஸாவும் கேட்கவில்லை. ரொட்டியில் வேர்க்கடலை வெண்ணெய் தடவிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம்.

வேலையை விடு என்று நான் சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை. அங்கே ஆள் பற்றவில்லை என்று தெரியும். ஆனால் இந்த ஒரு தடவை முடியாது என்று சொல்லிவிடு, டுவெய்ன். உன்னைக் கோழை என்று எவனாவது சொன்னால் என்னிடம் அனுப்பு, நான் பேசிக்கொள்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

இது உன் கைக்கு வருவதற்குள் சரி என்று சொல்லிவிட்டிருந்தால், என் கோபத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடு. வேலை செய்யும்போது தரையையே பார்த்துக்கொண்டிருக்காதே, அடிக்கடி தலையைத் தூக்கி மேலே பார். கடவுள் அந்த மரங்களைப் பிடித்துக்கொள்ளட்டும், நீ அடியிலிருந்து நகர்கிற வரைக்குமாவது.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
மார்லின்