பக்கத்துப் படுக்கைக்குப் போன மருந்து

புனே, வெள்ளி காலை

அன்பு நைனாவுக்கு, லீனாவின் ஸ்தோத்திரம். கஞ்சி தொண்டையில் இறங்குகிறதா? அம்மா தூங்குகிறார்களா? நான் நலம்.

போனில் எது சொன்னாலும் "சரிம்மா" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால் திருப்பதிக்கு வரும் ஸ்டீவன் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று உங்கள் வார்டுக்கு நானே போன் செய்தேன். என்ன சொல்வார்களோ என்ற பயத்தில் இரண்டு முறை வைத்துவிட்டு, மூன்றாம் முறைதான் பேசினேன். நர்ஸம்மா சிரித்தார். "உங்க நைனா இன்ஹேலரைப் பக்கத்து பெட்டு ரங்கையாவுக்குக் குடுத்துட்டாரும்மா. கேட்டா, 'இருமறது அவுருதானே, எனக்கு எதுக்கு'ன்றாரு."

நைனா, அது இருமலுக்கு மட்டும் இல்லை. வரும் செவ்வாய்க்கிழமை உணவுக்குழாய் ஆபரேஷனுக்குப் பிறகு நெஞ்சில் சளி கட்டி நிமோனியா வராமலிருக்க, இப்போதிருந்தே இழுக்க வேண்டிய மருந்து. நம் பங்காருபாளையம் மாந்தோப்பில் பூ விட்டதுமே மருந்தடிப்பீர்களே, பூச்சி வரட்டும் என்றா காத்திருந்தீர்கள்? உணவுக்குழாயில் இருக்கும் கட்டியை டாக்டர் எடுத்துவிடுவார். நுரையீரலை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ரங்கையாவுக்குத் தனியாக மருந்து எழுதவும், உங்களுக்குப் புதிதாக ஒரு இன்ஹேலர் தரவும் சொல்லி நர்ஸம்மாவிடம் கேட்டிருக்கிறேன்.

மருந்து இழுத்ததும் காலையும் மாலையும் ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். எடுக்க மாட்டேன். 'நைனா' என்று வருவதைப் பார்த்துக்கொள்வேன். மருந்து நின்ற பிறகும் கொடுங்கள்.

ஆபீஸ் பஸ் வந்துவிட்டது.

உங்கள் லீனா